எட்டு வேடமும் எட்டாத வேடமும்

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலைப் பொழுது. பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் நின்று கடுத்த கால்களோடு விடுதிக்குத் திரும்பினேன். பொது அறையில் தோழியர் பத்துப் பேர் ஒரு மடிக்கணினியைச் சூழ்ந்து அமர்ந்து சிரித்துக் கொண்டிருந்தனர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2007 முதல் 2019 வரை நடந்த 'பிக் பேங் தியரி' என்னும் நகைச்சுவைத் தொடர் அது. விஞ்ஞானிகளைக் கேலி செய்யும் தொடர் ஆதலால் விஞ்ஞானம் பயிலும் நமக்கு அதன்மீது ஒரு தனிப்பற்று. நானும் ஒரு மூலையில் இடம் பிடித்துக் கொண்டேன்.

அத்தொடரில் ஹோவர்ட் என்றொரு யூத இளைஞன் வருகிறான், தொழில் எஞ்சினியர். அவனுடைய தாய் வீட்டின் வேறோர் அறையிலிருந்து ஓயாமல் கத்திக் கொண்டிருப்பாள். சாப்பிடச் சொல்லிக் கத்துவாள். வாசலில் யார் என்று கேட்டுக் கத்துவாள். ஆனால் அவள் முகத்தை நமக்குக் காட்டுவதே இல்லை. கரோல் ஆன் சூசி என்ற நடிகை, 2014-இல் தாம் காலமாகும் வரையில், குரலை மட்டுமே கொடுத்து அந்தத் தாயை உலவவிட்டார். குரல் எழுந்ததும் சிரிப்பும் எழ வேண்டும், அதுதான் ஏற்பாடு. நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன் என்பதை மறைப்பானேன்?

அதே வாரத்தில் ஆண்டுவிழா நாடகத்திற்கு ஆள் சேர்த்தார்கள். வங்காளத் தோழி ஒருத்தி எழுதிய சிரிப்பு நாடகம். அதில் எனக்கும் ஒரு வேடம் கிடைத்தது. ஒரு 'மதராசித் தாய்'. மேடைக்கு வர வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் நின்று, என் திருநெல்வேலி வாடை வீசும் வங்காளியில், மகனைத் தயிர்ச்சோறு உண்ண வரும்படி கூவிக் கொண்டே இருக்க வேண்டும். என் உச்சரிப்பே போதுமாம், ஒத்திகைகூட வேண்டாமாம். நான் சரியென்று தலையசைத்து விட்டேன்.

தலையசைத்த பிறகுதான் ஒரு கேள்வி முளைத்தது. அந்த அமெரிக்கத் தொடரை ஒரு யூதப் பெண் எங்களோடு அமர்ந்து பார்த்திருந்தால் அவளும் எங்களைப் போலவே சிரித்திருப்பாளா? கேட்டுப் பார்க்க யூதப் பெண்ணுக்கு எங்கே போவது? விடை தேடி நூலகத்தில் இந்தியத் திரைப்பட வரலாற்றைப் புரட்டிய போதுதான் சுலோசனா அம்மையாரைச் சந்தித்தேன். ஒரு காலத்தில் இந்நாடு முழுவதும் போற்றிய நடிகை. மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் வாழ்க்கையை நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்னும் ஆசையால் இதை எழுதுகிறேன்.

நம் நகரின் யூதர்கள்

முதலில் நாம் குடியிருக்கும் நகரைப் பற்றி ஒரு சொல். 1798-இல் சிரியா நாட்டு அலெப்போவிலிருந்து ஷாலோம் கோஹன் என்னும் வணிகர் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து பாக்தாத் முதலிய ஊர்களிலிருந்து யூதக் குடும்பங்கள் பல வந்தன. அபினி, அவுரி, சணல், நிலம் என்று அவர்கள் செல்வம் பெருகிற்று. பிராபோர்ன் சாலைப் பக்கம் போகும்போது, நெரிசலுக்கு நடுவே செங்கல் சிவப்பில் கோபுரத்தோடு நிமிர்ந்து நிற்கும் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். மாதா கோயில் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது 1884-இல் எழுந்த மாகென் டேவிட் என்னும் யூதர் தொழுகைக்கூடம். புது மார்க்கெட்டில் நாம் பிளம் கேக் வாங்க வரிசையில் நிற்கிறோமே, 'நாஹூம்' கடை, அதுவும் யூதக் குடும்பம் ஒன்று 1902-இல் தொடங்கிய தொழில்தான். 1948-க்குப் பிறகு இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அவர்கள் கப்பலேறினார்கள். ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில் எஞ்சியிருக்கிறார்கள். தொழுகைக்கூடங்களைப் பேணிக் காப்பவர்கள் முஸ்லிம் குடும்பத்தினர். 1881-இல் தோன்றிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று படிக்கும் பெண்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களே. சண்டை நிறைந்த உலகில் இப்படியும் ஓர் ஊர் இருக்கிறது என்று பெருமைப்படலாம்.

இதே போன்ற பாக்தாதிய யூதக் குடும்பம் ஒன்றில், புனா நகரில், 1907-ஆம் ஆண்டு ரூபி மையர்ஸ் பிறந்தார். சர் சி. வி. இராமன் கணக்குத்துறை அதிகாரியாகக் கல்கத்தாவில் வந்திறங்கிய ஆண்டும் அதுவே என்பதை விஞ்ஞான மாணவி என்ற முறையில் குறித்து வைக்கிறேன். பிழைக்க ஓர் ஊரும் பெருமைக்கு ஓர் ஊருமாக வாழ்ந்தவர்களின் பட்டியலில் இருவரையும் சேர்க்கலாம் அல்லவா?

முகமில்லாத குரல்

ரூபி வளர்ந்து பம்பாயில் தொலைபேசி நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். அந்நாளில் தொலைபேசியில் பேச வேண்டுமானால் இடையே ஒரு பெண் இணைப்புக் கொடுக்க வேண்டும். நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் அப்பெண்ணின் குரலைக் கேட்பார்கள். முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை.

பார்த்துவிட்டவர் ஒருவர் இருந்தார். கோகினூர் படக் கம்பெனியைச் சேர்ந்த டைரக்டர் மோகன் பவ்நானி. படத்தில் நடிக்க வரும்படி அவர் அழைத்தார். ரூபி மறுத்தார். மறுத்ததில் வியப்பில்லை. நடிப்பது குலப்பெண்களுக்கு அடுக்காத தொழில் என்று கருதிய காலம் அது. 1913-இல் தாதாசாகேப் பால்கே 'ராஜா அரிச்சந்திரா' எடுத்தபோது தாராமதியாக நடிக்க ஒரு பெண்ணும் அகப்படவில்லை. சாலுங்கே என்ற ஆணுக்குச் சேலை கட்டி விட்டுத்தான் படத்தை முடித்தார். அத்தகைய காலத்தில் துணிந்து முன்வந்தவர்களில் ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் மிகுதி. அவர்களைக் கட்டிவைத்த கயிறு சற்றே நெகிழ்வாக இருந்தது என்பதே காரணம். பவ்நானியும் விடவில்லை. முடிவில் ரூபி இசைந்தார். நடிப்பில் அவருக்கு அரிச்சுவடியும் தெரியாது.

பெயர் மாறியது. சுலோசனா என்று சூட்டினார்கள். அழகிய கண்களை உடையவள் என்று பொருள். இராமாயணத்தில் இந்திரசித்தின் மனைவிக்கு வழங்கும் பெயர். யூதப்பெண் ரூபி ஒரே நாளில் இதிகாசத்துப் பெண்ணானார்! அக்காலத்தில் இது வழக்கமே. ரெனி ஸ்மித் என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண் சீதாதேவி ஆனார். நம் நகரில் 1916-இல் பிறந்த யூதப்பெண் எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம் பிரமீளா ஆனார். அந்தப் பிரமீளாதான் 1947-இல் 'மிஸ் இந்தியா'வாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பிறகு சொந்தமாகப் படங்களும் எடுத்தவர். பெயர் மாறாமல் படக் கொட்டகையின் வாசலில் நுழைய வழியில்லை போலும்.

குரலில்லாத முகம்

1925-இல் 'வீர் பாலா' வெளிவந்தது. 1926-இல் 'டைப்பிஸ்ட் கேர்ள்'. தொலைபேசிப் பெண் டைப்பிஸ்ட் பெண்ணாக நடித்ததைப் பார்க்கக் கூட்டம் முண்டியது. 1927-இல் இரவீந்திரநாத் தாகூரின் நாடகத்தைத் தழுவிய 'பலிதான்' வந்தது. காளி கோயிலில் உயிர்ப்பலி கூடாதென்று எடுத்துரைக்கும் கதை. வங்கக் கவியின் கருத்துக்குப் பம்பாயில் உருக் கொடுத்தவர்களுள் யூதப்பெண் ஒருவரும் இருந்தார் என்பதை இந்நகரத்து நண்பர்களுக்கு நாம் நினைவூட்டலாம்.

அதே 1927-இல்தான் 'வைல்ட் கேட் ஆப் பாம்பே' வந்தது. பம்பாயின் காட்டுப்பூனை என்று பொருள் கொள்ளலாம். அந்த ஒரே படத்தில் சுலோசனாவுக்கு எட்டு வேடங்கள்! தோட்டக்காரன், போலீஸ்காரன், ஐதராபாத்துக் கனவான், தெருவில் திரியும் பையன், வாழைப்பழம் விற்பவள், பொன்னிறக் கூந்தல் வெள்ளைக்காரி என்று மாறி மாறித் தோன்றினார். நடிகர் திலகம் 'நவராத்திரி'யில் ஒன்பது வேடம் ஏற்றது 1964-இல். கமலஹாசன் 'தசாவதார'த்தில் பத்து வேடம் ஏற்றது 2008-இல். அவர்களை வியக்கும் நாம், இருபது வயதுப் பெண்ணொருத்தி, ஒலிப்பதிவும் உயர்ந்த ஒப்பனை வசதிகளும் இல்லாத காலத்தில் எட்டு வேடம் புனைந்ததை மறந்துவிட்டோம். சென்னையிலும் பம்பாயிலும் லாகூரிலும் ஒரே படம் ஓடக்கூடிய காலம் அது. ஊமைப்படத்துக்கு மொழி ஏது?

பிறகு இம்பீரியல் படக் கம்பெனியில் ஆர். எஸ். சௌதரி என்பவரின் டைரக்‌ஷனில் 'மாதுரி', 'அனார்கலி', 'இந்திரா பி.ஏ.' ஆகியவை 1928, 1929-ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்தன. புகழ் எவ்வளவு பெருகியது என்பதற்கு ஒரு சான்று. காந்தியடிகள் கதர்க் கண்காட்சி ஒன்றைத் திறந்து வைக்கும் குறும்படத்தைக் காட்டியபோது, அதனோடு 'மாதுரி'யில் சுலோசனா ஆடிய நடனத்தையும் ஒலி சேர்த்து இணைத்துக் காட்டினார்களாம். மகாத்மாவின் கூட்டத்துக்கே துணைக்கூட்டம் சேர்த்தவர் என்று சிரித்துக் கொள்ளலாம்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 1928-இல் அனார்கலி கதையை இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக் கொண்டு எடுத்தன. ஒன்றில் நாயகி சுலோசனா; மற்றதில் சீதாதேவி. மொகலாய அந்தப்புரத்து மங்கையாக ஒரு படத்தில் யூதப்பெண். மறு படத்தில் ஆங்கிலோ-இந்தியப் பெண்! சலீமுக்காக உயிர் விட்டவள் யாராக இருந்தால் என்ன, கண்ணீர் கண்ணீர்தானே?

வாய் திறந்த திரை

இடி விழுந்தது 1931-இல். மார்ச் 14-ஆம் நாள் இம்பீரியல் கம்பெனியே இந்தியாவின் முதற் பேசும்படமான 'ஆலம் ஆரா'வை வெளியிட்டது. ஆனால் அக்கம்பெனியின் முடிசூடா அரசிக்கு அதில் இடமில்லை. சுலோசனாவுக்கு இந்துஸ்தானி சரளமாக வராது. ஆறு ஆண்டுகள் நாட்டையே ஆண்ட முகத்திற்குப் பின்னால் அந்நாட்டின் பேச்சு இல்லை! முன்பு தொலைபேசியில் குரல் இருந்தது, முகம் வேண்டியிருக்கவில்லை. பிறகு திரையில் முகம் இருந்தது, குரல் வேண்டியிருக்கவில்லை. இப்போது இரண்டையும் சேர்த்துக் கேட்டார்கள்.

இந்த இடத்தில் தமிழராகிய நாம் ஒரு செய்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' உருவானது அதே இம்பீரியல் கம்பெனியில்தான். டி. பி. ராஜலட்சுமி பம்பாய்க்குச் சென்று, புரியாத ஊரில், தம் தாய்மொழியில் பாடியும் பேசியும் புகழ் கொண்டார். ஒரே படக்கூடம், ஒருவருக்குக் குரலால் வாழ்வு, ஒருவருக்குக் குரலால் தாழ்வு.

வேறொருவராக இருந்தால் சேர்த்த பணத்தோடு வீட்டில் அமர்ந்திருப்பார். சுலோசனா மாணவியானார். ஓராண்டு காலம் படங்களை விட்டு ஒதுங்கி இந்துஸ்தானி கற்றார். நாடே அறிந்த நட்சத்திரம், எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையைப் போல உச்சரிப்புப் பழகுவதை எண்ணிப் பாருங்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் ரயிலேறி இந்நகரில் வந்து இறங்கி, பேருந்தில் டிக்கெட் கேட்கவும் நாணி, அறைக் கண்ணாடியின் முன்னால் நின்று வங்காளியை ஒப்பித்துப் பழகியவள் நான். அதனால் அந்த ஓராண்டின் அருமை எனக்குத் தெரியும். நம்மில் பலருக்கும் தெரியும்.

1932-இல் 'மாதுரி' பேசும்படமாக வந்தது. மீண்டும் வெற்றி முரசு! பழைய ஊமைப்படங்களை ஒவ்வொன்றாகப் பேச வைத்தார். 1929-இல் 'இந்திரா பி.ஏ.'வாக இருந்தவர் 1934-இல் 'இந்திரா எம்.ஏ.' ஆகிவிட்டார். பட்ட மேற்படிப்புக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் இருக்க முடியுமா? 1935-இல் 'அனார்கலி', 1936-இல் 'பம்பாய் கி பில்லி' என்று காட்டுப்பூனையும் வாய் திறந்தது. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பம்பாய் கவர்னரைவிட அதிகம் வாங்குகிறார் என்று ஊரார் பேசிக் கொள்வார்களாம். ஷெவர்லே கார் வைத்திருந்தார். 'ரூபி பிக்ஸ்' என்று சொந்தப் படக் கம்பெனியும் தொடங்கினார். அதற்குச் சுலோசனா என்று பெயரிடாமல், தாய் தந்தையர் இட்ட பெயரைச் சூட்டியதைக் கவனியுங்கள். இழந்த பெயரை மீட்டுக் கொள்ள அவருக்கு அது ஒரு வழியாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அஸ்தமனம்

டி. பில்லிமோரியா என்னும் நடிகருடன் 1933 முதல் 1939 வரை அவர் இணைந்து நடித்தார். திரையில் காதலர், வெளியிலும் காதலர் என்றனர். அந்த உறவு முறிந்தது. இருவர் புகழும் மங்கிற்று. புது முகங்கள் வந்தன. சுலோசனாவுக்குச் சிறு வேடங்கள் கிடைத்தன. 1953-இல் பீனா ராய் நாயகியாக நடித்து 'அனார்கலி' மறுபடியும் வந்தபோது சுலோசனாவும் அதில் இருந்தார். இம்முறை சலீமின் தாயாக! இருமுறை அனார்கலியாக வாழ்ந்தவர் மூன்றாம் முறை ஒதுங்கி நின்று இன்னொருத்தி அனார்கலியாவதைப் பார்த்தார். இந்தக் காட்சியை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. ஆயினும் அவர் அந்த வேடத்தை மறுக்கவில்லை. தொழிலைத் தொழிலாக மதித்தவர் அவர்.

1973-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதை அரசு அவருக்கு வழங்கியது. பெண் நடிக்கக் கிடைக்காமல் ஆணுக்குச் சேலை கட்டிய அந்தப் பால்கேயின் பெயரால் அமைந்த விருது, பெண்ணாகத் துணிந்து வந்தவருக்குக் கிடைத்தது பொருத்தமே. 1983 அக்டோபர் 10-ஆம் நாள் பம்பாயில் அவர் கண் மூடினார். அழகிய கண்கள் என்று பெயர் பெற்ற கண்கள்.

எட்டாத வேடம்

டைப்பிஸ்ட், பட்டதாரி, மொகலாய நங்கை, போலீஸ்காரன், பழக்காரி. சுலோசனாவின் புகழுக்குக் காரணமான வேடங்களை இப்படி அடுக்கிப் பார்த்தால் ஒன்று மட்டும் அகப்படவில்லை. யூதப்பெண்! அவர் எல்லோராகவும் ஆனார். தாமாக மட்டும் ஆகவில்லை.

அப்படியானால் இந்தியத் திரையில் யூதப்பெண் கதையே வரவில்லையா? வந்தது. ஆகா ஹஷ்ர் காஷ்மீரியின் 'யஹூதி கி லட்கி', அதாவது யூதனின் மகள், மேடையில் புகழ் பெற்ற நாடகம். 1933-இல் நம் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் கம்பெனி அதை சைகலை வைத்துப் படமாக்கிற்று. 1958-இல் பிமல் ராய் 'யஹூதி' என்று மறுபடி எடுத்தார். அதில் யூதனின் மகளாக நடித்தவர் மீனாகுமாரி. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பாக்தாதில் பிறந்த யூதப்பெண் நாதிராவோ 1952-இல் 'ஆன்' படத்தில் இராஜபுத்திர இளவரசியாகவும் 1975-இல் 'ஜூலி'யில் ஆங்கிலோ-இந்தியத் தாயாகவும் நடித்தார். வேடம் கட்டுவதில் குலம் பார்க்கக் கூடாது என்பது சரியே. அது கலைக்கு அழகு. ஆனால் இந்நாட்டு யூதப்பெண் எப்படிச் சமைப்பாள், எதற்குச் சிரிப்பாள், எந்த ரேழியில் உட்கார்ந்து மகளைத் திட்டுவாள் என்பதைத் திரை சொன்னதா? யூதப்பெண் என்றால் ரோமாபுரி காலத்துக் கதை மாந்தராக மட்டுமே வந்தாள்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே யூதப்பெண் தொலைக்காட்சியில் ஓயாமல் வந்தாள். தொடக்கத்தில் நன்றாகவே வந்தாள். கெர்ட்ரூட் பெர்க் என்ற அம்மையார் 1929-இல் வானொலியில் தாமே எழுதி, தாமே நடித்த 'கோல்ட்பெர்க்ஸ்' தொடரை 1949-இல் தொலைக்காட்சிக்குக் கொண்டு வந்தார். நியூயார்க்கில் ஜன்னல் வழியே அடுத்த வீட்டுக்காரியோடு பேசும் மாலி என்னும் தாயைக் கண்டு நாடே சிரித்தது. அவள் அறிவைக் கண்டு மதித்தது. பின்னர் வந்த வேடிக்கைக்காரர்கள் அத்தாயை உருக்கிச் சில அச்சுகளில் வார்த்துவிட்டார்கள். ஊட்டி ஊட்டி உயிரை வாங்கும் தாய், நச்சரிக்கும் தாய், செல்லம் கெடுத்த மகள். 1993 முதல் 1999 வரை நடந்த 'நானி' தொடரில் மூக்கால் பேசும் நாயகியைப் படைத்து நடித்த பிரான் டிரெஷர் தாமே யூதப்பெண். அவரைக் கொண்டாடியவர்களும் உண்டு. கடிந்து கொண்டவர்களும் உண்டு. கடைசியில் அந்த அச்சு எவ்வளவு தேய்ந்துவிட்டது என்றால், 'பிக் பேங் தியரி'யில் முகமே தேவைப்படவில்லை. தொலைபேசிப் பெண் ரூபியைப் போல, மீண்டும் முகமில்லாத குரல்!

ஒரு நாட்டில் அவள் யாராகவும் வரலாம், தானாக வரக்கூடாது. இன்னொரு நாட்டில் தானாகத்தான் வர வேண்டும். அதுவும் பிறர் வார்த்த அச்சுக்குள் அடங்கித்தான் வர வேண்டும். இரண்டில் எது கொடிது?

எங்கள் பாடத்தில் ஒன்று படிக்கிறோம். சூரிய ஒளியைப் பிரித்து நிறமாலையாக விரித்தால் வண்ணங்களுக்கு இடையே கருங்கோடுகள் தெரியும். அங்கே ஒளி இல்லை. ஆனால் இல்லாத அந்த ஒளிதான், கதிரவனைச் சூழ்ந்து இன்ன தனிமம் இருக்கிறது என்று நமக்கு அறிவிக்கிறது. சுலோசனாவின் படவரிசையில் நான் கண்ட இல்லாமையும் அத்தகையதே. கருங்கோட்டைப் படிக்கத் தெரிந்தால் ஒரு சமூகமே அங்கே நிற்பது தெரியும்.

நம் முற்றம்

யூதரைப் பற்றிய கவலை தமிழ் மாணவர்களுக்கு எதற்கு என்று யாரேனும் கேட்கலாம். 1952-இல் வங்காளத்தில் 'பாஷேர் பாரி' என்ற படம் வந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணைக் காதலிக்கும் இளைஞன், அவளுக்குப் பாட்டுச் சொல்லித் தர வரும் வாத்தியார் என்று நல்ல சிரிப்புக் கதை. அது 1960-இல் தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்' ஆயிற்று. 1968-இல் இந்தியில் 'படோசன்' ஆயிற்று. இந்தியில் மட்டும் அந்த வாத்தியார் 'மதராசி' ஆகிவிட்டார்! மெஹ்மூத் உச்சிக்குடுமியும் வேட்டியுமாக, கழுத்தை வெட்டி வெட்டிப் பாடிய அந்தப் 'பிள்ளை'யை அரை நூற்றாண்டுக்குப் பிறகும் என் தோழியர் நடித்துக் காட்டுகிறார்கள். எவ்வளவோ பேர் முதன்முதலாகச் சந்தித்த தமிழன் அவன்தான். என் குரல் கேட்டதும் அவர்களுக்குச் சிரிப்பு வருவதன் காரணமும் அவன்தான்.

இதோடு நிறுத்திக் கொண்டால் நான் நேர்மையற்றவள் ஆவேன். சென்ற பொங்கல் விழாவில் நம் மன்றம் போட்ட நாடகம் நினைவிருக்கிறதா? அதில் ஒரு வங்காள 'பாபு' வந்தார். கையில் மீன் பை, வாயில் ரசகுல்லா, மழைத்துளி விழுந்தால் குரங்குக் குல்லாய். அரங்கம் அதிர்ந்தது. அந்த வசனத்தில் பாதி நான் எழுதியது. நமது திரைப்படங்களில் வட்டிக்கடைச் சேட்டும் டீக்கடை நாயரும் படும் பாட்டை நான் சொல்ல வேண்டுமா? தமிழ்நாட்டில் ஒரு சேட் வீட்டுப் பெண், வகுப்பில் வாய் திறக்கு முன் நாலு முறை யோசித்துக் கொண்டிருப்பாள். நான் இங்கே யோசிப்பதைப் போல.

சிரிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சிரிப்பில்லாத விடுதியில் சோறு இறங்காது. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோமோ அவருக்கு ஒரு முகத்தையும் ஒரு பெயரையும் கொடுத்துவிட்டுச் சிரிப்போம். கூடுமானால் வசனத்தில் ஒரு பங்கை அவரிடமே கேட்டு எழுதுவோம். மாலியின் பேச்சை அம்மாலியே எழுதிய காலத்தில் சிரிப்பு குறைந்து போகவில்லையே!

நாடகத் தோழியிடம் சென்றேன். வேடத்தை மறுக்கவில்லை, ஒரு நிபந்தனை வைத்தேன். அந்தத் தாய் திரையை விலக்கிக் கொண்டு மேடைக்கு வர வேண்டும். அவளுக்கு ஒரு பெயர் வேண்டும். தயிர்ச்சோறு என்று கூவட்டும், தவறில்லை. ஆனால் பிறகு அவள் தன் வாயால் நாலு வார்த்தை நல்லதாகப் பேச வேண்டும். தோழி சற்று நேரம் என்னையே பார்த்தாள். அவளுக்கு அது தோன்றவேயில்லையாம். வருத்தத்தோடு சொன்னாள், பொய்யில்லை. உடனே தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். தாய்க்கு என் அத்தையின் பெயரை எழுதினேன்: சண்முகவடிவு. வங்காளி நாவில் அது படப்போகும் பாட்டை எண்ணி இருவரும் சிரித்தோம்.

வருகின்ற மாதம் நாடகம். நம் மன்றத்தார் எல்லோரும் வர வேண்டும். சண்முகவடிவு மேடைக்கு வரும்போது சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். அடுத்த பொங்கலுக்கு நமது பாபுவின் வசனத்தை எழுதித் தர அத்தோழியை இப்போதே அழைத்து வைத்திருக்கிறேன். செயலாளர் பொறுத்தருள வேண்டும். பிராபோர்ன் சாலைப் பக்கம் போனால், அந்தச் சிவந்த கோபுரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். எட்டு வேடம் புனைந்தும் தம் வேடம் எட்டாமலே போன ஒரு பெண்மணியை, அவர் பிறந்த பெயராலே, ரூபி என்று ஒருமுறை நினைத்துக் கொள்ளுங்கள்.